கரடியம்மாவின் ஓவர்டைம்

புத்தகங்களின் பிளாஸ்டிக் உறைகளை நூல் வெட்டும் கத்தரியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஆயா. முதன்முறையாகப் பிரிப்பவள் போல முகத்தை வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. மேனேஜர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், இஸ்திரிப் பெட்டிகள் ஆவி கக்கின; மேலே மாடியில் தையல் மெஷின்கள் வரிசை வரிசையாக இரைந்தன.

"பளபளன்னு இருக்கட்டும். ஆனா தினமும் படிக்கிற மாதிரியும் தெரியணும்" என்றார் மேனேஜர்.

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி முடியும் என்று ஆயா கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த உறையை எடுத்தாள். கரடிப் புத்தகம் கைக்கு வந்ததும் அதை அடுக்கின் அடியில் செருகினாள். அதன் அட்டை ஓரத்தில் ஒரு பொடியன் முன்பல்லால் கடித்த தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. உறைக்குள் இருந்த புத்தகத்தில் பல் தடம் எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்டுவிடக் கூடாது.

சட்டை தைக்கும் கம்பெனி அது. மெஷினில் உட்காரும் பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கீழ்த்தளத்தில் இருந்த இந்த அறையில் விட்டுவிட்டுப் போவார்கள். சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் போன வருடம் பார்வையிட வந்தபோது ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்தார்கள். அவர்கள் கார் தெருமுனை தாண்டுவதற்குள் புத்தகங்கள் பிள்ளைகளின் கையிலிருந்து உறைக்குள் போய், உறை ஒட்டப்பட்டு, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டன. கிழிந்துபோனால் அடுத்த வருடம் எதைக் காட்டுவது என்பது மேனேஜரின் கவலை. ஆனால் அலமாரியைத் துடைக்க வேண்டுமே என்று சாவியை ஆயாவிடமே கொடுத்திருந்தார். ஊருக்கெல்லாம் சாவி வைத்து ஆள்கிற மனுஷன் அங்கேதான் கோட்டை விட்டார்.

முதல் சில நாட்கள் ஆயா நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாள். பிள்ளைகள் அலமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி அழுத்தி அதை எச்சிலாக்கின. துடைத்துத் துடைத்துக் கை வலித்தது. ஒருநாள் மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில், உறையின் அடிப்பக்கத்தை மட்டும் பிளேடால் கீறிப் புத்தகத்தை வழுக்கி வெளியே எடுத்தாள். சாயங்காலம் இஸ்திரி செக்‌ஷனில் வேலை பார்க்கும் அவள் தங்கச்சி, கீறலின் மேல் காகிதத்தை வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஒரு இழுப்பு இழுத்தாள். உறை மறுபடியும் கடையில் வாங்கியது போல ஆகிவிட்டது. அதன்பிறகு அதுவே தினப்படியாகிப் போனது.

புத்தகங்கள் வந்தவர்களின் மொழியில் இருந்தன. ஆயாவுக்கு எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை, படம் பிடிபட்டது. கரடிப் புத்தகத்தில் ஒரு குட்டிக் கரடி குகை வாசலில் நிற்கிறது. பிறகு ஓர் ஓநாய் வருகிறது. பிறகு பெரிய மரத்தில் ஒரு மூடிய கதவு. கடைசியில் நிலா வெளிச்சத்தில் அம்மாக் கரடி தேன் குடத்தோடு வருகிறாள். முதல் பக்கத்திலேயே பிள்ளைகள் கேட்டுவிட்டன, அம்மா எங்கே போயிருக்கிறாள் என்று. அந்த அறையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. வேலைக்கு.

அப்படித்தான் கதை வளர்ந்தது. கரடியம்மா தேன் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஓநாய் அங்கே சூப்பர்வைசர். இங்கே மாடியில் ஊதிக்கொண்டே திரியும் சூப்பர்வைசரை எல்லோரும் 'விசில்' என்று சொல்வதால் ஓநாய்க்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. மரத்துக் கதவுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. லோடு ஏற்றும் நாட்களில் கம்பெனியின் பெரிய கேட்டையும் மாடிப்படிக் கதவையும் பூட்டிவிடுவார்கள். யாரும் நடுவில் நழுவிவிடக் கூடாது என்பதற்காக. கடைசிப் பெட்டி லாரியில் ஏறும்வரை சாவி விசிலின் இடுப்பில் தொங்கும். அந்த நாட்களில் இருட்டிய பிறகும் அம்மா ஏன் வரவில்லை என்று அழுகிற பிள்ளைகளுக்கு, ஆயா மரத்துக் கதவைத்தான் காட்டினாள். "பூட்டியிருக்கு பாரு. தொறந்ததும் ஓடி வந்துடுவா." பிள்ளைகள் அடங்கிவிடும்.

தங்கச்சி மட்டும் அவ்வளவு சுலபத்தில் அடங்கவில்லை. மாடி முழுக்கத் துணி மூட்டை, ஒரே ஒரு படிக்கட்டு, அதற்கும் பூட்டு என்று புலம்புவாள். "தீப்பிடிச்சா என்னக்கா பண்றது?" என்று ஒருநாள் கேட்டபோது, "வாயக் கழுவு" என்று ஆயா அதட்டினாள். அதட்டினாளே தவிர, அன்றிரவு அவளுக்கும் தூக்கம் வரவில்லை.

இந்த வருடத்து வெளிநாட்டு விருந்தாளிகள் அன்று மத்தியானத்துக்கு மேல் வந்தார்கள். நரைத்த தலை அம்மாள் ஒருவர், கேமராவோடு ஓர் இளைஞன். மொழிபெயர்க்க ஆபீஸிலிருந்து ஹெச்.ஆர். மேடம். மேனேஜர் ஒட்டினாற்போல நடந்து வந்தார். அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் பிள்ளைகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தார். புத்தக அடுக்கைக் கலைத்து, இருந்திருந்து அடியில் கிடந்த கரடிப் புத்தகத்தை உருவினார்.

ஆயா வேறொரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

அம்மாள் பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். மேனேஜரிடம் தூக்கிக் காட்டினார். இப்படித்தான் இருக்க வேண்டும், பிள்ளைகள் கடித்துப் படிக்க வேண்டும் என்று அவர் சொல்வதாக ஹெச்.ஆர். மேடம் சொன்னாள். மேனேஜரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆயாவை ஒரு பார்வை பார்த்தார்.

அம்மாள் முதல் பக்கத்தைத் திறந்து வாசித்தார். ஹெச்.ஆர். மேடம் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். குட்டிக் கரடி காத்திருக்கிறது, அம்மா தேன் எடுக்கக் காட்டுக்குப் போயிருக்கிறாள் என்று.

"காட்டுக்கு இல்ல. தேன் கம்பெனிக்கு" என்றது ஒரு குரல்.

காலர் தைப்பவளின் மகள் அவள். வயது நான்கு. வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் அம்மா கூட அப்படித்தான். ஆயா உதட்டில் விரலை வைத்துச் சைகை காட்டினாள். வாயாடியின் பார்வை படத்தில் இருந்தது.

அடுத்த பக்கம். ஓநாய். இது யார் என்று அம்மாள் கேட்க, பிள்ளைகள் மொத்தமாக "விசில்!" என்று கத்தின. ஹெச்.ஆர். மேடம் என்ன சொன்னாளோ, அம்மாள் கைதட்டினார். மேனேஜர் தட்டவில்லை.

அடுத்த பக்கம். மரத்துக் கதவு. வாயாடி எழுந்தே நின்றுவிட்டாள். இல்லாத சாவியைக் காற்றில் செருகி, நறுக்கென்று திருப்பிக் காட்டினாள்.

"லோடு ஏறலன்னா பூட்டிடுவாங்க. கரடியம்மாக்கு ஜுரம். வாந்தி எடுத்துச்சு. அப்பவும் விடல. துணி மூட்ட மேல படுத்துக்கிச்சு."

ஜுரமும் வாந்தியும் ஆயா சொன்னதில்லை. போன மாதம் காலர் தைப்பவளுக்கு உண்மையிலேயே அப்படி ஆனது. பிள்ளை எங்கேயோ காதில் வாங்கி, தானாகக் கதையில் கோத்திருக்கிறாள்.

ஹெச்.ஆர். மேடம் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் சாவி திருப்புவதற்கு மொழி எதற்கு? அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். தானும் காற்றில் ஒரு சாவியைத் திருப்பிப் பார்த்தார். அறையின் கதவைப் பார்த்தார். பிறகு நேராக ஆயாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"கதவப் பூட்டறது கதையில எங்கருந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க" என்றாள் ஹெச்.ஆர். மேடம். "பாத்துச் சொல்லுங்க."

பாத்துச் சொல்லுங்க என்பது அம்மாள் கேட்டதில் இல்லை என்பது ஆயாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். புத்தகத்தில் இருக்கிறது, படத்தைப் பார்த்துப் பிள்ளைகளாகவே சொல்கின்றன என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். அவளும் தங்கச்சியும் கொண்டுவருவதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தங்கச்சி ஆவிக்கு நடுவே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் வேலையும் இந்த நாக்கின் நுனியில்தான் இருந்தது. மேனேஜர் கண் கொட்டாமல் பார்த்தார். வாயாடியும் பார்த்தாள், தினமும் கதையில் இந்த இடம் வந்ததும் ஆயா ஆமாம் போடுவதற்காகப் பார்ப்பது போலவே. அந்தப் பிள்ளையைப் பொய்க்காரியாக்க ஆயாவுக்கு மனம் வரவில்லை.

"அது கதை இல்லைங்க" என்றாள். "இங்கதான் பூட்டறாங்க. லோடு நாள்ல கேட்டையும் படிக்கதவையும் பூட்டி சாவிய எடுத்துக்குவாங்க. ஜுரம்னாலும் யாரும் வெளிய போக முடியாது. அது இந்தப் பிள்ளையோட அம்மாங்க."

சொல்லிவிட்டாள்.

ஹெச்.ஆர். மேடம் மேனேஜரைப் பார்க்கவில்லை, ஆயாவையும் பார்க்கவில்லை. புன்னகையோடு அம்மாளிடம் சொன்னாள். ஆயா அவ்வளவு நீளமாகச் சொன்னது அந்த மொழியில் இத்தனூண்டாக முடிந்துபோனது.

அம்மாளின் முகம் தெளிந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எழுந்து வந்து ஆயாவின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார்.

"பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடிடாம கதவப் பூட்டி, எவ்ளோ கவனமா பாத்துக்கறீங்கன்னு பாராட்டறாங்க" என்றாள் ஹெச்.ஆர். மேடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நான் அதச் சொல்லலைங்க" என்றாள் ஆயா. அம்மாளுக்குப் புரியவில்லை. வேறு வழி தெரியாமல் ஆயா கையை விடுவித்துக்கொண்டு, மாடிப்படியைச் சுட்டிக் காட்டி, காற்றில் சாவியைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். அம்மாள் வாய்விட்டுச் சிரித்துத் தானும் திருப்பினார். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிவிட்டது. எல்லாம் எழுந்து நின்று சாவி திருப்பின. இளைஞன் மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் காட்சியைப் போட்டோ எடுத்தான்.

விருந்தாளிகளை ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். கத்தவில்லை. அலமாரிச் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அவங்க கண்ல படாம இப்பவே கெளம்பு. நாளைலருந்து வர வேணாம். உன் தங்கச்சிய என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கறேன்."

ஆயா பையை எடுத்துக்கொண்டாள். வாயாடி முந்தானையைப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கம் இன்னும் வரவில்லையே என்றாள். நிலாப் பக்கம். ஆயா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வெளியே வந்தாள்.

கேட்டில் பூட்டு தொங்கியது. உள்பக்கம் லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"எங்கக்கா? லோடு இன்னும் பாதிகூட ஏறல."

"நான் இப்ப இங்க வேலைல இல்லப்பா. தொற."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. விருந்தாளி கார் வந்தா தொறன்னு விசில் சாவியக் கொடுத்திருக்காரு. ஆள விடச் சொல்லல. விட்டா என் சீட்டக் கிழிச்சிடுவாரு."

அவன் பொய் சொல்லவில்லை. ஆயா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சற்று நேரத்தில் கார் வந்தது. வாட்ச்மேன் ஓடிப்போய் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். தெரு தெரிந்தது. ஆயா ஓர் அடி முன்னால் வைத்தாள். வாட்ச்மேன் பார்வையாலேயே கெஞ்சினான். அவள் நின்றுவிட்டாள்.

கார் அவளைத் தாண்டும்போது அம்மாள் அடையாளம் கண்டுகொண்டார். கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாக வெளியே கையை நீட்டி, காற்றில் ஒரு சாவியைத் திருப்பிக் காட்டினார். கார் தெருவில் இறங்கித் திரும்பியது. வாட்ச்மேன் கதவுகளை இழுத்துச் சேர்த்தான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் செருகித் திருப்பினான்.