‘புது ஃபைல் இல்லை’

நாரணாபுரம் ரோட்டில் காசிராஜனின் ஆப்செட் அச்சகம். பம்பாய் சோப்புக் கம்பெனிக்கு அங்கேதான் அட்டைப்பெட்டி அச்சாகும். புது டிசைன் வந்துவிட்டதா என்று இன்டர்நெட் வழியாக அந்தக் கம்பெனியின் சர்வருக்குள் போய்ப் பார்ப்பது ஆறு வருஷமாக வள்ளித்தாயின் வேலை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அவள் அம்மாவுக்கு, மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதில் அப்படியொரு பெருமை.

2007 வைகாசியில் பெர்சிஸ் வேலைக்கு வந்தாள். டீச்சர் மகள், எம்.சி.ஏ. படித்தவள். வந்த பத்தாம் நாள் ஒரு புரோகிராம் எழுதினாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதுவே பம்பாய் சர்வரைப் பார்த்து, ‘புது ஃபைல் இருக்கு’ என்றோ ‘புது ஃபைல் இல்லை’ என்றோ திரையில் காட்டியது.

“பாத்தியாத்தா வள்ளி? நீ நாள் முச்சூடும் பாத்த வேலைய இது சும்மா பாக்குது,” என்றார் காசிராஜன். பெர்சிஸுக்கு அவர் அறையிலிருந்து காபி வந்தது. வள்ளித்தாய்க்கு ஒருநாளும் வந்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. பெர்சிஸ் ‘அக்கா அக்கா’ என்று குழைந்தாலும் எரிந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெருக்கும்போது துடைப்பம் பட்டு நெட் வயர் கழன்று கிடந்தது. திரையோ ‘புது ஃபைல் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வள்ளித்தாய்க்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சர்வரை எட்டவே முடியாவிட்டாலும் இது ‘இல்லை’ என்றுதான் சொல்லும். பெர்சிஸ் இரண்டு நாற்காலி தள்ளித்தான் இருந்தாள். வாய் வரை வந்ததை வள்ளித்தாய் விழுங்கிவிட்டு வயரைச் செருகினாள். மாட்டட்டும்.

மறுவாரம் பம்பாயில் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அதைச் சொல்லி வந்த மெயிலை யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாளும் திரையில் ‘இல்லை’. பம்பாய்க்காரர்கள் இரண்டு நாள் சும்மா இருந்ததே கிடையாது என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். ஆனாலும் அவள் எட்டிப் பார்க்கவில்லை. லோடு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியதால் பழைய டிசைனையே ஓட்டினார்கள். சர்வரில் கிடந்த புது டிசைனில் சோப்பு தொண்ணூறு கிராமாகக் குறைந்திருந்தது. நாற்பதாயிரம் பெட்டியிலும் நூறு கிராம் என்று அச்சாகிவிட்டது.

காசிராஜன் கத்திய கத்தில் மிஷின் சத்தமே கேட்கவில்லை. வள்ளித்தாய் வயிறு குளிர்ந்துபோய் நின்றாள்.

“தப்பு எம்மேலதான் மொதலாளி,” என்றாள் பெர்சிஸ். “பாஸ்வேர்டு தப்புன்னு சர்வர் சொன்னதக்கூட ஃபைல் இல்லன்னு எடுத்துக்கிடுற மாதிரி எழுதிட்டேன். எந்தப் பிழை வந்தாலும் அது ‘இல்லை’ன்னுதான் காட்டும்.”

அவர் குரல் இறங்கியது. “ஒத்துக்கிட்டேல்ல. போயி சரி பண்ணு.”

அவ்வளவுதான். முன்பு ஒரு கலர் மாறிப்போனதற்கு வள்ளித்தாய் ஒரு மாசம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். குளிர்ந்த வயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

மத்தியானம் குழாயடியில் பெர்சிஸ் அழுதுகொண்டிருந்தாள். வள்ளித்தாய் பக்கத்தில் போய் நின்றாள்.

“இது இப்படித்தான் சொல்லும்னு எனக்குப் போன வாரமே தெரியும்.”

“சொல்லிருக்கலாம்லக்கா?”

“சொல்லப் பிடிக்கல. ஒன்னயப் பிடிக்கல.”

பெர்சிஸ் முகத்தைக் கழுவினாள். “வேற என்னென்ன கோளாறு வரும்? ஆறு வருசமாப் பாத்தது நீங்கதான. சொல்லுங்க.”

லைன் அறுந்துபோகும், மத்தியானத்தில் சர்வர் திணறிப் பதிலே வராது, சில நாள் ஃபைல் பாதி மட்டும் ஏறிக் கிடக்கும் என்று வள்ளித்தாய் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெர்சிஸ் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் புரோகிராமுக்கு மூன்றாவதாக ஒரு பதில் வந்தது: ‘தெரியவில்லை’. மூன்று தரம் முயன்று பார்த்து, எட்ட முடியாவிட்டால் காரணத்தைக் காட்டி மணியடிக்கும். காசிராஜன் வயரைத் தானே பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்துப் பார்த்தார்.

“வள்ளியக்கா சொன்னதவச்சுத்தான் மொதலாளி இதச் செஞ்சேன்,” என்றாள் பெர்சிஸ்.

“அப்படியா,” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கெட்டிக்காரிதான் பெர்சிஸ் நீ.”

தன் பெயரைச் சொன்னாளே என்று வள்ளித்தாயால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பெருந்தன்மையும் பெர்சிஸுக்குத்தானே வாய்த்திருக்கிறது என்று தோன்றியது.

அன்று மத்தியானம் பெர்சிஸ் வழக்கம்போல் வள்ளித்தாயோடு உட்காராமல், பைண்டிங் பெண்களோடு போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். வள்ளித்தாய் கம்ப்யூட்டர் அறையில் தனியாகச் சாப்பிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னதான் பேசிச் சிரிக்கிறார்களோ என்று அவள் காது அங்கேயே கிடந்தது.