உறவுமுறை: மாமா

“உன் டெபாசிட் முதிர இன்னும் ஏழு மாசம் இருக்காமே?”

மாமனார் இப்படிக் கேட்டபோது அவள் வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தாள். இன்னொரு செருப்பு கையிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு டெபாசிட் இருப்பது அவளையும் அவளுடைய தாய்மாமனையும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. கட்டிய கணவனுக்கே தெரியாது.

“உங்களுக்கு யார் மாமா சொன்னா?”

“அந்த டெபாசிட் கம்பெனிக்காரங்கதான். நேத்து நம்ம வீட்டு நம்பருக்குப் பேசினாங்க. ‘நீங்க அவங்களுக்கு மாமாவா’ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் என் ஃபோனுக்கு அனுப்பிட்டாங்க.” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஃபோனை அவளிடம் காட்டினார். கணக்கு எண், மாதாமாதம் கட்டியது, வட்டி, மொத்தம் நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம். “சமர்த்துதான் போ! சின்னவன் வேன் வாங்கணும்னு தவியாத் தவிக்கிறான். அவன்கிட்ட சொல்லிட்டேன். நேத்தே வேன் பார்க்கப் போயிட்டான்.”

அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். மாமனார் கெட்டவர் இல்லை. வீட்டில் ஒருவர் பணம் எல்லார் பணமும்தான் என்று உண்மையாகவே நம்புகிறவர். அப்படிப்பட்டவரிடம் சண்டையும் போட முடியாது, தப்பவும் முடியாது.

அவள் ஒரு டென்டல் லேபில் பல் செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் மெழுகை வார்த்து, செதுக்கி, பீங்கான் பூசி, உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை தேய்க்க வேண்டும். பதினொரு வருஷமாக ஊரில் பாதிப் பேர் அவள் செய்த பல்லால்தான் மெல்லுகிறார்கள். கூலி மட்டும் முதலாளியைத் தாண்டி வருவதேயில்லை. சொந்தமாக ஒரு உலையும் ஒரு சின்ன அறையும் வேண்டும் என்பதற்காக, ஓவர்டைம் பணத்தை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள். அந்தப் பணம் இப்போது வேன் பார்க்கப் போயிருந்தது.

மதிய இடைவேளையில் டெபாசிட் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்து, பாட்டுப் போட்டுக் காக்கவைத்து, ஒருவழியாக ஒரு பெண் வந்தாள்.

“பிறந்த தேதி சொல்லுங்க மேடம்.” சொன்னாள். “அம்மா பேரு?” சொன்னாள். “கடைசியா எவ்வளவு கட்டினீங்க? அடையாள அட்டையோட கடைசி நாலு நம்பர்?”

“ஏம்மா, கணக்கு என்னோடது. என்கிட்ட இத்தனை கேள்வி கேக்குறீங்களே, நேத்து எங்க வீட்டுக்குப் பேசினப்போ ஒரே ஒரு கேள்விதான கேட்டீங்க?”

“அது நாமினி விவரம் சரிபார்க்க மேடம். நாமினி நம்பர் வேலை செய்யல. அதனால உங்க முகவரில இருந்த வீட்டு நம்பருக்குப் பேசியிருக்காங்க. ஃபார்ம்ல உறவுமுறைன்னு இருக்கிற இடத்துல நீங்கதான் மாமான்னு எழுதியிருக்கீங்க.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் தம்பியும் மாமா, புருஷனின் அப்பாவும் மாமா, அத்தையின் வீட்டுக்காரரும் மாமா. தெருமுனைக் கடைக்காரரைக்கூட மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். இந்தப் பாஷை பேசி வளர்ந்த கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா? அதற்குப் பக்கத்துக் கட்டத்திலேயே நாமினி என்று தாய்மாமன் பெயரை முழுசாக எழுதியிருந்தாளே, அதையாவது படித்திருக்கக் கூடாதா?

மறுநாள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு நேரே கிளைக்குப் போனாள். மேலாளர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“தப்புதான் மேடம். ஆனா குடும்பத்துக்குள்ளதான போயிருக்கு? வெளியாள் யாருக்கும் போகலையே.”

“வெளியாளுக்குப் போயிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன் சார். அவன் என் வீட்டு ஹால்ல உக்காந்து வேன் வெலை விசாரிக்க மாட்டான்.”

மேலாளர் டீ சொல்லட்டுமா என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ராத்திரியே எழுதி வைத்திருந்தாள். எந்தத் தேதியில், எந்த நம்பருக்கு, என்னென்ன விவரம், யார் அனுப்பியது என்று எழுத்தில் பதில் வேண்டும். வீட்டு நம்பரைக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். விவரம் போன ஆளுக்கும் கம்பெனியே கடிதம் அனுப்ப வேண்டும்.

“எழுத்துலயா? வாய்மொழியா மன்னிப்புக் கேட்டா போதாதா மேடம்?”

“வாய்மொழியா ‘ஆமா’ன்னு சொன்னதை நம்பினதாலதான் இவ்வளவும். புகார் நம்பர் போட்டுக் கொடுங்க. பத்து நாள்ல பதில் வரலைன்னா உங்களுக்கு மேல இருக்கிற ஆணையத்துக்கு இதே தாள் போகும். நகல் வெச்சிருக்கேன்.”

அந்தச் சிரிப்பு ஒருவழியாகப் போயிற்று. புகார் எண் வந்தது.

“இப்ப டெபாசிட்டை முறிச்சுக் கொடுங்க,” என்றாள்.

“ஏழு மாசம்தான மேடம் இருக்கு! இப்ப எடுத்தா பதினெட்டாயிரம் போகும்.”

“உங்க தப்பாலதான எடுக்கிறேன்? அதை நீங்கதான ஏத்துக்கணும்?”

“மேலிடத்துல கேக்கணும்.”

“கேளுங்க. அதையும் புகார்ல சேர்த்துக்குங்க,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். பதினெட்டாயிரம் என்பது ஆறு மாத ஓவர்டைம். பணம் கைக்கு வந்த அன்றைக்கே உலைக்கு முழுப் பணம் கட்டினாள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கத்து அறைக்கு முன்பணம் கொடுத்து ரசீது வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் இரண்டு கடிதங்கள் வந்தன. அவளுடையதில் வருந்துகிறோம் என்று மூன்று இடத்தில் இருந்தது. பதினெட்டாயிரம் பரிசீலனையில் இருந்தது. மாமனார் தன்னுடையதைக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தார். முப்பது வருஷம் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவர்; முத்திரை குத்திய தாளுக்கு மரியாதை கொடுப்பவர்.

“‘இத்தகவல் தங்களுக்கு உரியதல்ல, உடனே அழித்துவிடவும்’னு போட்டிருக்கான். அழிச்சிட்டேன்மா,” என்றார். பிறகு கடிதத்தை மடித்தபடி, “ஆனா நாலு லட்சத்து முப்பத்தாறாயிரம்கிறது மனசுல நிக்குதே. அதை எப்படி அழிக்கிறது? சின்னவனுக்கு என்ன பதில் சொல்ல?”

“அந்தக் கணக்குல இப்ப ஒண்ணுமே இல்ல மாமா. உலை வாங்கிட்டேன். ரூமும் பிடிச்சாச்சு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவரோ கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி துவைத்த துணியை அவளோடு சேர்ந்து மடித்துக்கொண்டிருந்த கணவன், ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றான்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றான். “நானும் வெளியாளா?”

பத்துப் பன்னிரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரன் செய்த தப்புக்கு இந்த வீட்டில் எல்லாருக்கும் அவள்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“சொல்லியிருந்தா, உங்கப்பா உங்க தம்பிக்காகக் கேட்டப்போ, ‘இல்ல, அது அவ பணம்’னு உங்களால சொல்லியிருக்க முடியுமா?”

அவன் போர்வையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தான். முடியும் என்று அவன் பொய்யாகவாவது சொல்லிவிட மாட்டானா என்று அவள் காத்திருந்தாள்.

“முடியாது,” என்றான்.

இத்தனை வருஷமும் தான் நினைத்தது சரிதான் என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்திலாவது அவள் நினைப்பு தப்பாக இருந்திருக்கலாம்.