வெளியூர்க்காரர்களுக்கான பதில்

மார்ச் 3, செவ்வாய்

இன்று செய்த தவறு சிறியது. விடுதியில் தங்க வந்த ஒருவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

விடுதி வேலைக்காக நான் படிக்கும் மாலை வகுப்பின் ஆசிரியை சொன்னபடி முதலில் தவறு, அடுத்து காரணம், கடைசியில் மறுநாள் வேலை என்ற வரிசையில் எழுத வேண்டும். காரணத்தை எழுத உட்கார்ந்தால் ஊரைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. இது பயிற்சிக்குத் தேவையா என்று தெரியவில்லை. எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிடலாம்.

எங்கள் ஊர் சாப்பாட்டுக்குப் பேர்போனது. ரயிலைவிட்டு இறங்கி வருகிறவர்கள் அறைச் சாவியை வாங்குவதற்கு முன்பே "எங்கே சாப்பிடலாம்?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஊரில் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று நமக்கு. இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்கு.

நமக்கான பதில் மாடிப்படிக் கடை. பழைய கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நான்கு பெஞ்சு, இரண்டு பெரிய பானை, சிரிக்காத ஒரு கடைக்காரர். ஒரு பானையில் எலும்பு சூப்பு, இன்னொன்றில் மீன். உள்ளே நுழையும்போது குனிய வேண்டும். ஊர்க்காரர்களின் கழுத்துக்கே அது பழகியிருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கான பதில், விடுதிக்கு எதிரே இருக்கும் பெரிய கடை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதன வசதி, சுவர் முழுக்க உணவுப் படங்கள். ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், வங்கிக் காவலாளி என்று யாரிடம் கேட்டாலும் அந்தக் கடையைத்தான் கை காட்டுவார்கள். இதில் யாரும் பொய் சொல்வதில்லை. "நல்ல பெரிய இடம்", "குடும்பத்தோட உக்காரலாம்", "கை கழுவ வெந்நீர் வருது" என்பார்கள். ருசி என்ற பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. மாடிப்படிக் கடையில் நான்கு பெஞ்சுதான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும் பெரிய கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள் என்றால், எங்கள் ஊர்ச் சாப்பாட்டின் புகழ் எப்படிப் பரவியது என்று எனக்கு விளங்கவில்லை. ஆசிரியையிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். அசட்டுக் கேள்வியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

பெரிய கடை என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. உலகமே தன் சூப்பைத் தேடி ரயிலேறி வருகிறது என்று அவர் நம்புகிறார். ஊர்க்காரர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், "பக்கத்துலயே இருக்கிறதோட அருமை தெரியாது" என்பார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த வரவேற்பு மேசை வேலையே கிடைத்தது.

இன்று வந்தவர் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்து வருகிறவர். எங்கள் ஊருக்கு இதுதான் முதல் முறை. கூட்டம் சிதறாமல் இருக்கச் சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடப்பார். அதனால் விடுதியில் அவருக்கு அதற்குள் கொடிக்காரர் என்று பெயர் வைத்தாயிற்று. மற்றவர்கள் கேட்பது போல அவர் கேட்கவில்லை.

"நீங்க எங்கம்மா சாப்பிடுவீங்க?" என்றார்.

எங்கே சாப்பிடலாம் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை. தயாராக இல்லாத நேரத்தில் வாயில் உண்மைதான் வருகிறது. வழியையும் சொல்லி, குனிய வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன்.

நாளை: இந்தக் கேள்விக்கு ஒரு பதில் யோசித்து வைக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

தவறு சிறியது என்று செவ்வாயன்று எழுதியது தவறு.

விடுதி மேலாளர் தினமும் மதியம் "பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று கிளம்புவார். திரும்பி வரும்போது சட்டையில் மீன் வாசம் அடிக்கும். விடுதியில் எல்லோருக்கும் இது தெரியும். இன்று போனவர் கொஞ்ச நேரத்திலேயே வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"பேங்க் மூடியிருக்கா சார்?" என்றேன்.

"பேங்க் வாசல்ல ஒருத்தன் கொடி பிடிச்சுட்டு நிக்கிறான்ம்மா. பின்னாடி தெரு முனை வரைக்கும் ஆளுங்க. மூணு நாளா இதே கூத்துதான். அவன்கிட்ட யாரு சொன்னது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

"கேட்டாங்க சார்."

"கேட்டா சொல்லிடறதா? நாளைக்கு என் வீட்டு பீரோ சாவி எங்கேன்னு கேட்டா அதையும் சொல்லிடுவியா?"

இல்லை என்றேன். அவர் பிஸ்கட் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விருந்தினர்களில் பாதிப் பேர் நெற்றியில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். முதலுதவிப் பெட்டியில் களிம்பு தீர்ந்துவிட்டது.

பிற்பகலில் மாமா வந்தார். கையில் மூடி போட்ட கிண்ணம். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகையைப் பார்த்தார்.

"ஒரு சாவிகூட இல்லை."

"ஆமா மாமா. எல்லா ரூமும் நிறைஞ்சிருக்கு."

"அப்போ ஊருக்கு ஆள் வராம இல்லை. என் கடைக்குத்தான் வரலை." கிண்ணத்தை மேசை மேல் வைத்தார். "என் கை போச்சும்மா."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை மாமா."

"நீ சும்மா இரு. இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு குறை சொன்னது கிடையாது. திடீர்னு ஆளே காணோம்னா வேற என்ன? நீ இதெல்லாம் படிக்கிற பொண்ணு. குடிச்சுப் பாரு. மாமாங்கறதை மறந்துட்டுச் சொல்லு."

குடித்தேன். சூடாக இருந்தது. அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"எப்பவும் போலத்தான் மாமா இருக்கு."

இந்த வாரம் முழுவதும் நான் பேசியதில் இவ்வளவு சுத்தமான உண்மை வேறு இல்லை. மாமா என் தலையைத் தடவினார்.

"உனக்கும் உங்கம்மா மாதிரியே நல்ல மனசு. பொய் சொல்றப்போ கண்ணைப் பார்க்க மாட்டேங்கற." கிண்ணத்தை மூடினார். "திங்கட்கிழமை கடையை மூடிடறேன். உங்க அத்தையோட தம்பி டைல்ஸ் கடையில வந்து உக்காருன்னு ரொம்ப நாளா கூப்பிடறான். தரையில பதிக்கிற கல்லுதானே. நல்லா இருக்கா இல்லையான்னு யாரும் வாயில வச்சுப் பார்க்கப் போறதில்லை."

சாலையைக் கடந்து அவர் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனவர் ஒரு துணியை எடுத்துச் சுவரில் இருந்த படங்களைத் துடைக்க ஆரம்பித்தார். அவை அழுக்காகவே இல்லை. சரியாக எரிந்துகொண்டிருந்த விளக்குகளையும் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு மனிதர் தனக்கு இருந்ததாக நினைக்கிற ஒன்றை இழந்துவிட்டதாக நினைத்து வருந்துவதற்கு ஆறுதல் சொல்ல வேண்டுமானால், அது எப்போதும் இருந்ததில்லை என்று சொல்ல வேண்டும். இதற்கு எங்கள் பாடத்தில் வழி இல்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"உன்னை வேலையில சேர்த்துவிட்டதே அவன்டி. அவன் அடுப்புலயே தண்ணியை ஊத்திட்டு வந்து நிக்கிறியே!"

"மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடலாமாம்மா? அவர் சூப்பு எப்பவுமே இப்படித்தான்னு."

"இத்தனை வருஷமா ஊரே சொல்லாததை நீ எதுக்குச் சொல்லணும்? உனக்கு மட்டும் என்ன அவசரம்?"

"நீ மாமா கடையில சாப்பிட்டிருக்கியா?"

"கடை திறந்த அன்னைக்குச் சாப்பிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "வாசல்ல பூ அலங்காரம் ரொம்ப நல்லா பண்ணியிருந்தாங்க" என்றாள். பிறகு, "நாளைக்கே அந்தக் கொடிக்காரர்கிட்ட போய் மாத்திச் சொல்லிட்டு வா. அவன் அந்தக் கல்லுக் கடைக்குப் போனா ஒரு மாசம் தாங்கமாட்டான்" என்றாள். அம்மா கேலி பேசுவதை நிறுத்திவிட்டால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

நாளை: காலை உணவு நேரத்திலேயே கொடிக்காரரைப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 7, சனி

என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். மாடிப்படிக் கடைக்கு இன்று விடுமுறை என்பது ஒன்று. பானை ஓட்டை என்பது இரண்டாவது. மூன்றாவதை எழுத வெட்கமாக இருக்கிறது. எதற்கும் வேலை இருக்கவில்லை. கொடிக்காரர் தானாகவே என்னிடம் வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க சொன்ன கடை... நல்ல கடைதான், பேர் வாங்கின கடைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்க ஆளுங்களுக்கு ஒத்துக்கலை."

"ஒத்துக்கலையா?"

"காரம் மண்டைக்கு ஏறுது. ரெண்டு பேருக்கு நாக்கே புண்ணாகிடுச்சு. அந்தக் கடைக்காரர் வேற, சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எந்திரிங்கன்னு முறைக்கிறார். தலையில வேற இடி. வயசானவங்க எல்லாம் நேத்து ராத்திரி ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்துட்டாங்க. எதிர்ல ஒரு பெரிய கடை தெரியுதே, அது எப்படி?"

ஊர்க்காரர்கள் காலம் காலமாகச் சொல்லும் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. "நல்ல பெரிய இடம் சார். குடும்பத்தோட உக்காரலாம்."

"சாப்பாடு?"

இதற்கும் நான் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. "அது என் மாமா கடை சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொந்த மாமா கடை எதிர்லயே இருக்கு. அதைச் சொல்லாம இன்னொருத்தர் கடைக்கு அனுப்பியிருக்கீங்க. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு பொண்ணா!"

அது அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கொடியைத் தூக்கிவிட்டார்.

மதியம் மாமா கடை நிறைந்தது. பார்த்துவிட்டு வரச் சாலையைக் கடந்து போனேன். நாக்கு புண்ணான ஒரு பெரியவர் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, "அப்பாடா" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள், "இப்பத்தான் வயித்துக்கு நிம்மதியா இருக்கு" என்று குழந்தைக்கு ஊட்டினாள். அந்தக் குழந்தை துப்பவில்லை. கல்லாவில் இருந்த அத்தை என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள்.

அவர்கள் யாரும் ஒப்புக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அப்படியானால் இத்தனை காலமும் ஊர்க்காரர்கள் தந்திரமாகச் சொல்லி வந்த பதில்தான் நேர்மையான பதில். நேர்மையாக நான் சொன்னதுதான் அவர்களைப் பட்டினி போட்டது. இதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தப்பாகத் தெரிகிறது, ஆனால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விடுதிக்குத் திரும்பி மேலாளரிடம் நல்ல செய்தி சொன்னேன். வரிசை தீர்ந்தது, இனி அவர் வங்கிக்குத் தாராளமாகப் போகலாம் என்றேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"அவங்களுக்கு மாடிப்படிக் கடை பிடிக்கலையாம் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பிடிக்கலையா? என்னம்மா சொல்ற? அந்த மீனைப் பிடிக்கலைன்னு சொல்லிட்டாங்களா?"

"காரமாம் சார்."

"நாக்கு இருக்கா அவங்களுக்கு? சாப்பாட்டுக்குன்னு இவ்வளவு தூரம் வராங்க, அதைச் சாப்பிடத் தெரியலை! நீ எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

மூன்று நாளாக அவர்கள் அங்கே போனதற்குத் திட்டியவர், போகாததற்கு மாலைவரை திட்டிக்கொண்டிருந்தார்.

நான் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் மாமா ஓடி வந்தார். திங்கட்கிழமை கடை மூடுவதாக இல்லை. அத்தையின் தம்பியிடம் சொல்லியாயிற்றாம். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"குறையைக் கண்டுபிடிச்சிட்டேன்ம்மா!"

"என்ன மாமா?"

"உப்பு. நேத்து நீ குடிச்சப்போ உன் முகத்தைப் பார்த்தேன். அப்பவே தெரிஞ்சு போச்சு, அதிகம்னு. நீ சொல்லலை, மரியாதை. இன்னைக்குப் பாதியாக் குறைச்சேன். பார்த்தியா, கூட்டத்தை! இனிமே பாதிதான்."

கொடிக்காரரைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு நொடி நின்றேன். அவர் அந்த ஒரு நொடியையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

"உன்னாலதான் கை திரும்பி வந்துச்சு. நாளையிலேர்ந்து மதியம் இங்க வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு பானை சூப்பு நானே கொண்டு வந்து தரேன். உங்க சார்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் பாவம், பேச்சே வரலை அவருக்கு. கூடவே நின்னு எல்லாரும் குடிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் போவேன்."

அறைக்குள்ளிருந்து மேலாளர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமா போன பிறகு அவர் வெளியே வந்து, "முதல் கிண்ணம் உனக்கு" என்று மட்டும் சொன்னார். நான் சரி என்றேன். டைல்ஸ் கடையைவிட இது மேல்.

நாளை: வேலைக்குப் போகும் வழியில் உப்பு ஒரு பொட்டலம் வாங்கி, மாமா வருவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும்.