வீல் அக்கா

டப்பிங் ஸ்டூடியோவில் அவளை எல்லோரும் 'வீல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பர் ஹீரோக்கள் பறந்துவந்து அள்ளிக்கொண்டு போகிற பெண்களுக்கெல்லாம் தமிழில் அவள்தான் குரல். மாடியிலிருந்து விழுந்தால் வீல், ரயில் முட்ட வந்தால் வீல், கடைசியில் "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் வசனம். ஒரு படத்திலாவது காப்பாற்றுகிறவளுக்குப் பேசிவிட வேண்டும் என்று அவள் தவமாய்த் தவம் கிடந்தாள்.

காலம் மாறி, பெண்ணே பறந்து அடிக்கிற படம் ஒன்று வந்தது. குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில் ஓரகத்தியையும், அதாவது கொழுந்தன் மனைவியையும், "வீட்டிலயே அடைஞ்சு கிடக்கியே, வேடிக்கை பார்க்க வா" என்று கூட்டிப்போனாள். யார் செய்த புண்ணியமோ.

திரையில் நாயகி மொட்டைமாடியிலிருந்து பாய்ந்தாள். பழக்கதோஷம், இவள் தொண்டை கிழிய வீறிட்டாள்.

"அக்கா, அவ வாயே திறக்கல," என்றார் டப்பிங் இயக்குநர். "அவ விழல. குதிக்கிறா."

மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் வீல். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், விரலிடுக்கில் வந்தது. சலித்துப்போன இயக்குநர் ஓரகத்தியை மைக் முன்னால் நிறுத்தினார். அவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வசனத்தை நிதானமாகச் சொன்னாள். வேலை அவளுக்குப் போயிற்று.

மறைப்பானேன், இவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் கத்திய தொண்டைக்கு ஒரு வாய் வெந்நீர் தராத மாமியார், இப்போது வீட்டில் சின்ன மருமகளுக்கு டம்ளரை ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த டம்ளரைப் பிடுங்கிக் கொட்டலாம் போலிருந்தது.

சண்டைக்காட்சி வந்தபோது இயக்குநர் இவளுக்கே போன் செய்தார். "அவங்க உறுமுறது தும்மல் மாதிரி இருக்குக்கா. சண்டைச் சத்தம் மட்டும் நீங்க குடுங்க. பேரு அவங்க பேருதான் வரும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் போனாள். திரையில் இருந்தவன் வில்லன். இவள் கண்ணுக்குத் தெரிந்தது ஓரகத்தியின் முகம். குத்துக்கு ஒரு உறுமல், உதைக்கு ஒரு கர்ஜனை. இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

படம் வெளியான அன்று குடும்பமே தியேட்டருக்குப் போனது. சண்டையில் அந்தக் குரல் எழும்பியதும் விசில் காதைப் பிளந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த ஓரகத்தி இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு உடம்பே சிலிர்க்குது. யாரை நினைச்சு இந்த அடி அடிச்சீங்க?"

"உன்னைத்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் சிரித்துவிடுவாள், வேடிக்கை என்று விட்டுவிடலாம் என்று காத்திருந்தாள். ஓரகத்தி சிரிக்கவில்லை. இவளைப் பிடித்திருந்த தன் கையை மெதுவாக விலக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.