ஆக்ராவில் ஒரு மதியச் சாப்பாடு

ஊர்களைப் பற்றி தல்பத்ராமிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். உதய்ப்பூரா? நல்ல தண்ணீர், பருப்பு பாதி நேரத்தில் வெந்துவிடும். ஜெய்ப்பூரில் காற்று அடுப்பை எரியவிடாது. காசியில் குரங்கு பூரிக் கூடையோடு ஓடிவிடும். ஆக்ராவில் தண்ணீர் உப்பு, ஒன்றும் சீக்கிரம் வேகாது. அகமதாபாத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா பஸ்ஸில் பத்தொன்பது வருஷமாக அவர்தான் சமையல் மகராஜ். பயணிகள் கோட்டைக்கும் அரண்மனைக்கும் போவார்கள். அவர் பஸ் நிற்கும் மைதானத்தில் அடுப்பைப் பற்றவைப்பார். தாஜ்மகாலிலிருந்து ஒரு மைலில் முப்பத்தெட்டு தடவை சமைத்திருக்கிறார். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அவர் மனைவி ஜசுமதியும் பார்த்ததில்லை. பதினொரு வருஷம் அவரோடு வந்து பூரி இட்டவள். போன ஜனவரியில், இதே மைதானத்தில், பஸ் முதலாளி பிபின்பாயிடம் அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

"பாய், இந்தத் தடவை நானும் கூட்டத்தோட ஒரு எட்டு போய்ட்டு வந்துடட்டுமா?"

"தாஜ்மகால் எங்க ஓடிப் போகுது ஜசுபென்? நீ போய்ட்டா நாப்பத்திரண்டு பேருக்குப் பூரி யாரு போடுவா? மும்தாஜா?"

சுற்றி நின்ற பஸ் கூட்டமே சிரித்தது. ஹோலிக்கு முன்னால் ஜசுமதிக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் தல்பத்ராமின் காதைவிட்டுப் போகவில்லை. வாயில் பிபின்பாய், பிபின்பாய் என்றாலும் அன்றிலிருந்து மனசுக்குள் அவன் இவன்தான். அவனைக் கூட்டத்தின் நடுவில் தலைகுனிய வைக்காமல் தன் கட்டை வேகாது என்று சபதம் எடுத்தார். வேலையை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

இன்று அந்த நாள். காலையில் பிபின்பாய் பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தாஜ் பாத்துட்டு சீக்கிரம் வந்துடுங்க. இன்னிக்கு நம்ம மகராஜ் கையால ஊந்தியு!" என்று அறிவித்தான். தாஜ்மகாலுக்குத் தட்டாத கையை ஊந்தியு என்ற குளிர்காலக் காய்கறிக் கூட்டுக்குத் தட்டினார்கள். அந்தப் பயணிகள் அப்படித்தான். எந்த ஊருக்குப் போகிறது பஸ் என்று கேட்பதற்கு முன்னால் மகராஜ் யார் என்று கேட்பார்கள். பாதிப் பேர் பூண்டு வெங்காயம் தொடாதவர்கள், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பிபின்பாயின் பிழைப்பே தல்பத்ராமின் கரண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தல்பத்ராமுக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டம் போனதும் சமைத்தார். பத்தொன்பது வருஷத்தில் அப்படிச் சமைத்ததில்லை. பாப்டி அவரை, பிஞ்சுக் கத்தரி, சேனை, வெந்தயக்கீரை உருண்டை எல்லாம் எண்ணெயில் நிதானமாக வெந்தன. நூற்றைம்பது பூரி தனியாளாகப் போட்டார். மைதானமே மணத்தது. பிறகு ரிக்‌ஷாக்காரர்களையும் பெருக்குகிறவர்களையும் மற்ற பஸ் டிரைவர்களையும் கைதட்டிக் கூப்பிட்டார்.

"என்ன மகராஜ், விசேஷம்?" என்றார் ஒரு ரிக்‌ஷாக்காரர்.

"என் பொண்டாட்டி பேர்ல. வயிறு முட்டச் சாப்பிடுங்கப்பா. ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது."

மிஞ்சவில்லை. காலி அண்டாக்களைப் பளபளவென்று துடைத்து, மூடி போட்டு, வரிசையாக வைத்தார். மணம் மட்டும் அங்கேயே நின்றது. நிற்கட்டும், அதை மோந்துகொண்டே கூட்டம் அவனைக் கேள்வி கேட்கட்டும் என்று நினைத்தார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு ஒரு வருஷமாக வந்ததில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு டிக்கெட் வாங்கப் போனார். அவள் பார்க்காததை அவளுக்காகப் பார்த்துவிட்டு, அப்படியே ரயிலேறிவிடுவதாகத் திட்டம்.

சிவப்புக் கல் வாசலை நெருங்கும்போது போன் அடித்தது. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார்.

"யோவ் மகராஜ், எங்கய்யா இருக்க? அண்டா எல்லாம் காலி! முன் சீட்டு ஹீராகாக்கி என் சட்டையப் பிடிக்காத குறையா கத்துறாங்க!"

"மும்தாஜைக் கூப்பிட்டுப் பூரி போடச் சொல்லு."

மறுமுனையில் யாரோ பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்துவது கேட்டது. தல்பத்ராமின் நெஞ்சு குளிர்ந்தது.

"ஓ, அதுவா?" என்றான் பிபின்பாய். குரல் இறங்கியிருந்தது. "தப்புதான். வாய்க்கொழுப்பு. ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்புகிட்ட வந்து உன்கிட்ட என்ன சொன்னேன்? ஜசுபென்ன அனுப்பி வை மகராஜ், இன்னிக்குப் பூரி வேண்டாம், சோறு போதும்னு சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்ன?"

தல்பத்ராம் நடையை நிறுத்தி ஓரமாக ஒதுங்கினார்.

"மாவு பிசைஞ்சாச்சு, காஞ்சு போயிடும்னு சொன்ன. அவ கையில மாவோட பக்கத்துலதான் நின்னா. அந்த மொகத்த நான் பாத்தேன்யா. நீ அடுப்பப் பாத்துட்டிருந்த."

போனை அணைத்தார். அவர் அதை மறக்கவில்லை. மறந்த மாதிரி வைத்திருந்தார், அவ்வளவுதான். ஒரு வருஷமாக அந்தச் சிரிப்பை ஊதி ஊதி எரியவிட்டதெல்லாம், தன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கத்தான். மாவு காய்ந்தால் என்ன? ஒரு அண்டா மாவு!

வாசலுக்குள் நுழைந்தவர்கள் "அடேயப்பா" என்று அப்படியே நின்றார்கள். இன்னும் பத்தடி வைத்தால் அவருக்கும் தாஜ்மகால் தெரிந்துவிடும். அவர் திரும்பி, கூட்டத்துக்கு எதிராக நடந்தார்.

காவலாளி கையை நீட்டி மறித்தான். "பாபா, வழி அந்தப் பக்கம். உள்ள போகலயா?"

"இல்லப்பா."

"டிக்கெட் இருக்கே? இவ்ளோ தூரம் வந்துட்டு?"

"போகவிடல."

"யாரு விடல? சொல்லுங்க, நான் கேக்கறேன்."

தல்பத்ராம் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார்.