பலாப்பிசின்

"கட்டிக்கப் போறவங்க நல்ல நெறமா, மாநெறமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கடைப்பெண் அரக்கு நிறச் சேலை ஒன்றைத் தன் தோளில் போட்டுக் காட்டினாள். சரிகை மின்னியது.

அக்காவுக்கு என்றான் வெற்றிசெல்வன். என்ன விசேஷம், புதுவீடு குடிபோகிறார்களா என்று கேட்டாள். ஆலங்குடிக் கடைத்தெருவில் ஒரு மெக்கானிக், வேலை நாளில், அழுக்குச் சட்டையோடு சேலை எடுக்க வந்து நின்றால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும்.

"கோடிக்கு" என்றான்.

அவள் சரிகைச் சேலைகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து நூல் சேலைக் கட்டு ஒன்றை எடுத்து வந்து ஓசைப்படாமல் வைத்தாள். வெள்ளை மட்டும் வேண்டாம், அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று அம்மா மூக்காயி போனில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். சந்தன நிறத்தில் பச்சைக்கரை போட்ட ஒன்றை அவன் பார்க்காமலேயே தொட்டுக் காட்டினான்.

புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் தோளில் விழ வேண்டும். அப்பா போனபிறகு அக்கா கலைமதிக்குப் பொங்கல் சீரைக் கொண்டுபோனவன் அவன். அவள் மகள் தேவிப்ரியா பெரிய மனுஷியானபோது தாய்மாமனாகத் தட்டுத் தூக்கிப் போனவனும் அவன்தான். இதையும் அவன்தான் கொண்டுபோக வேண்டும். ஊர் வழக்கத்தில், நான் மாட்டேன் என்பதற்கு இடமே கிடையாது.

மச்சான் ராக்கன் அன்று விடிகாலையில் எட்டுப் பலாப்பழங்களைச் சாக்கில் கட்டி, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்குக் கிளம்பியிருக்கிறார். வல்லத்திராக்கோட்டை தாண்டி ஒரு புளியமரத்தில் மோதி அங்கேயே உயிர் போய்விட்டது. எதிரே வண்டி இல்லை. குறுக்கே ஆடு மாடு இல்லை. ரோடும் நேர் ரோடு. தூங்கியிருப்பான் பாவம் என்றது ஊர். தலையெழுத்து என்றாள் அம்மா. ஆளுக்கு ஒரு காரணம் கிடைத்து எல்லோரும் அழப் போய்விட்டார்கள். வெற்றிசெல்வனுக்கு மட்டும் இன்னும் அழுகை வரவில்லை. பயம்தான் இருந்தது.

அந்த வண்டியைக் கட்டியவன் அவன்.

மாசி மாதம் ஒரு மாட்டின் மேல் மோதியபோதே அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். முன்சக்கரம் எட்டாக மடங்கிக் கிடந்தது, ஃபோர்க் பின்னுக்குப் போய் இன்ஜினில் இடித்திருந்தது. மச்சானுக்கு அன்று சிராய்ப்போடு போயிற்று. ஆனால் பலா சீசன் தொடங்கப் போகிறது, வண்டி இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. கட்டித் தருகிறேன் என்று இவன்தான் மார்தட்டினான். பத்தொன்பது நாள் இழுத்தது. சக்கரம், ஃபோர்க், ஹேண்டில்பார் எல்லாம் புதிது போட்டான், டேங்கின் நசுங்கலைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்தான். எல்லாம் முடியும்போதுதான் சேஸின் கழுத்தில், முன்ஃபோர்க் வந்து பொருந்துகிற அந்த இடத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் கண்ணில் பட்டது.

கழுத்து விரிந்தால் சேஸையே மாற்ற வேண்டும். பானா பிடிக்கத் தெரிந்த எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். சேஸை மாற்றினால் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைய வேண்டும், சீசன் முடிந்துவிடும். வெற்றிசெல்வன் ஓர் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடித்தான், மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மூடினான்.

அன்றைக்குச் சோற்றுவாளியோடு வந்திருந்த அக்கா அந்தப் பொறி பறக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இது தாங்குமாடா என்று கேட்டாள். தாங்கும், அதிக பாரம் மட்டும் ஏற்ற வேண்டாம், நீயே மச்சானிடம் சொல்லிவிடு என்றான். நீ சொன்னால் என்ன என்று அவள் கேட்டதற்கு, நான் சொன்னால் வேலையில் குறை வைத்த மாதிரி ஆகிவிடும் என்றான். அவள் சரியென்று தலையாட்டினாள்.

மச்சான் வண்டியை எடுத்துப் பள்ளிக்கூட மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வரும்போது இரண்டு கையையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"கைய விட்டாலும் நேராப் போகுது மாப்ள. கம்பெனிக்காரன் ஒங்கிட்ட பாடம் படிக்கணும்."

அந்தப் பேச்சில்தான் இவன் வாய் அடைபட்டது. பெருமை என்பது அப்படித்தான், அரை மணி நேரம் வாயை மூட வைத்தால் போதும், பிறகு ஆயுசுக்கும் திறக்க முடியாது. மச்சான் பலாப்பழம் வாங்கப் போகிற தோப்பெல்லாம் மச்சினன் புகழ் பாடினார். அக்கா சொல்லியிருப்பாள் என்று இவன் நினைத்துக்கொண்டான். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் எட்டு, பத்துப் பழத்தோடு கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போவதை இவன் பார்த்தான். பார்த்துக் கையைத்தான் ஆட்டினான்.

சேலைப் பையோடு கடையிலிருந்து இறங்கியபோது மணி ஒன்று. பெரியாஸ்பத்திரியிலிருந்து உடல் வர மூன்றாகும் என்றார்கள். தேவிப்ரியா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், அவளும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மாலை வாங்கி வருகிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டு அவன் மச்சான் வண்டி கிடக்கிற போலீஸ் ஸ்டேஷனுக்குத் தன் வண்டியைத் திருப்பினான்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உடைந்த இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. மரத்தில் மோதிய வேகத்தில் கழுத்து உடைந்திருந்தால் உடைந்த வாய் முழுக்கப் பளபளவென்று புதிதாக இருக்கும். முன்பே விரிந்திருந்தால் தண்ணீரும் காற்றும் உள்ளே போய்த் துரு பிடித்திருக்கும். பளபளப்பு என்றால் மச்சான் தூங்கிவிட்டார். துரு என்றால் தூங்கவில்லை.

வழியெல்லாம் பளபளப்பு, பளபளப்பு என்று குலசாமியிடம் கேட்டுக்கொண்டே போனான். மச்சான் உயிரைக் கேட்க வேண்டிய வாயால் இதைக் கேட்கிறோமே என்று ஒரு கணம் கூசியது. கேட்பதை நிறுத்த முடியவில்லை.

ஏட்டு சந்தனசாமியின் வண்டிக்கும் இவன்தான் வைத்தியம். அவர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். மச்சானுடைய செருப்பு ஒன்று சாக்கில் சிக்கியிருக்கிறதாம் என்று வாயில் வந்ததைச் சொன்னான். போய்ப் பார், ஆனால் வண்டியில் எதையும் அசைத்துவிடாதே, நாளை பத்து மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். பிறகு, நீ செய்த வண்டியில் ஒரு பழுதும் இருக்காது, நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்று ஆறுதலும் சொன்னார். உள்ளே போன் அடித்தது, போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் பறிமுதல் வண்டிகளோடு அது கிடந்தது. பலாச்சுளை நசுங்கி வெயிலில் வெந்த வாசனை குப்பென்று வந்தது, ஈ மொய்த்தது. டேங்கிலும் ஃபோர்க்கிலும் பலாப்பால் வடிந்து பிசினாக இறுகியிருந்தது. முன்சக்கரம் தனியாகத் திரும்பிக் கிடந்தது. அவன் குத்தவைத்து உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தைக் கழுத்துக்கு நேரே பிடித்தான்.

வெல்டிங் விடவில்லை. அவன் வைத்த பட்டை வைத்தபடியே இருந்தது. பட்டைக்கு ஒரு நூலளவு தள்ளி, வெல்டிங் சூடு பட்ட இடத்தில், குழாய் இரண்டாகப் பிரிந்திருந்தது. பிரிந்த வாயின் மேல்பாதி பளபளவென்றிருந்தது. கீழ்ப்பாதி பழுப்பு.

நிழலாக இருக்கும் என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். விரலில் துரு ஒட்டியது.

பாதி வாய் திறந்து பல நாள் ஆகியிருக்கிறது. எட்டுப் பழம், பத்துப் பழம் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. கடை வாசலில் ஹாரன் அடித்துப் போன நாளிலெல்லாம் அது திறந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அவன் வண்டியின் டிக்கியில் துருத் தேய்க்கிற எமரித்தாள் இருந்தது. நாலு இழுப்பு இழுத்தால் துருப் பாதியும் பளபளத்துவிடும், பிரேக் இன்ஸ்பெக்டருக்குப் பெரிதாகச் சந்தேகம் வராது. எழுந்துபோய் எடுத்தும் வந்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து ஏட்டு, செருப்பு கிடைத்ததா என்று குரல் கொடுத்தார். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு எமரித்தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தான்.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். துருவோடு பலாப்பிசினும் சேர்ந்து கட்டைவிரலில் அப்பியிருந்தது. மண்ணைப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. பலாப்பிசின் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும். மச்சான் தினமும் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் நீட்டுவாள். அவர் குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டு, உடலையும் இறக்கியிருந்தார்கள். துணியில் பொட்டலமாகச் சுற்றிய உடம்பில் முகம் மட்டும் தெரிந்தது. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் கோபமாக இருக்கிற மாதிரி இருந்தது. தேவிப்ரியா காலடியில் கிடந்தாள். தலைமாட்டில் அக்கா. அவள் பக்கத்தில், உறவுக்காரர்கள் மச்சான் தலையில் தொட்டு வைப்பதற்காக நல்லெண்ணெயும் சீயக்காயும் கிண்ணங்களில் இருந்தன.

வெற்றிசெல்வன் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டான். இந்தக் கையால் எப்படிப் போடுவது என்று நினைத்தான். தெரிந்தவர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். ஒருவர், அந்த வண்டியை எவ்வளவு பாடுபட்டுக் கட்டினாய், கொடுத்துவைக்கவில்லையே என்றார். அவன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். உடல் வெயில் தாங்காது, கோடியைப் போட்டால் குளிப்பாட்டலாம் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா வந்து அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

சேலையை உதறிப் பிரித்து அக்காவின் தோளில் போட்டான். பெண்கள் சத்தம் ஓங்கியது. அக்கா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் வாய் அவன் காதை ஒட்டியிருந்தது, அழுகிற சத்தமே வரவில்லை.

"லோடு ஏத்த வேணாம்னு சொன்னியே. நான் அவருகிட்ட சொல்லலடா தம்பி."

அவள் பிடி இன்னும் இறுகியது.

"இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். ஒன்னைய அம்புட்டுப் பெருமையாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. எப்புடிடா சொல்லுவேன். காலையிலகூட நான்தான்டா சாக்கைத் தூக்கிக் கட்டிவிட்டேன்."

காலையிலிருந்து தன் பயம் ஒன்றையே அவன் கட்டிச் சுமந்துகொண்டிருந்தான். அக்கா ஒன்றைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. சொல்ல வேண்டியவன் அவன். அந்தப் பாரத்தையும் அவளிடம் ஏற்றிவிட்டவன் அவன்.

"இல்லக்கா. ஸ்டேஷன்ல போயிப் பாத்துட்டுத்தான் வாரேன்" என்றான். "வண்டிக் கழுத்து ஒடையவே இல்ல. மச்சான் தூங்கிட்டாருக்கா."

அக்கா பிடியைத் தளர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் தோளைப் பார்த்தாள். சந்தன நிறச் சேலையில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்து, பிசினோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவனுடைய வலது கையை எடுத்து விரலை விரித்தாள். கிண்ணத்து எண்ணெயில் இரண்டு விரலைத் தோய்த்து அவன் கட்டைவிரலில் தேய்த்தாள். அவசரப்படாமல், நகக்கண் வரைக்கும் தேய்த்தாள். பிசின் இளகியது, துரு எண்ணெயோடு கலந்து வழிந்தது. புதுச்சேலையின் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்த இடமும் தோளில் இருந்த கறையும் உள்ளே போகும்படி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். மச்சான் தலையில் அவன் இன்னும் எண்ணெய் வைக்கவில்லை.