பதினோராம் கேள்வி

"அந்தக் கம்பெனிய அரசாங்கம் ரெண்டா உடைச்சா, என் போட்டோ எல்லாம் போயிடுமாங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள் ஒரு பெண்மணி. கருத்துக் கணிப்பு அலுவலகத்தின் ஆறாம் மேசைக்காரிக்குச் சிரிக்க அனுமதியில்லை, விளக்கம் சொல்லவும் அனுமதியில்லை. தாளில் இருக்கும் கேள்வியை, தாளில் இருக்கும் சொற்களிலேயே திரும்பப் படிக்கலாம். படித்தாள். "அப்படின்னா உடைக்க வேணாம்னே போட்டுக்குங்க," என்றாள் பெண்மணி. நாட்டு மக்களின் கருத்து இந்த லட்சணத்தில்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

பத்துக் கணினியில் ஒன்பதில் அந்தக் கம்பெனியின் மென்பொருள்தான் ஓடியது. போட்டிக்கு வந்தவர்களையெல்லாம் நசுக்கியதாக அரசு அதன்மேல் வழக்குப் போட்டிருந்தது. வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்பார்கள். இல்லை என்றவர்களிடமும் மீதிப் பத்துக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும்; அவர்களும் கூச்சநாச்சமில்லாமல் பதில் சொன்னார்கள். "முன்னுக்கு வர்றவனக் கண்டாலே அரசாங்கத்துக்கு வயித்தெரிச்சல்," என்றார் ஒருவர், என்னமோ அந்தக் கம்பெனி தன் மாமனார் வீட்டுச் சொத்து மாதிரி. உடைக்கத்தான் வேண்டும் என்றார் இன்னொருவர். ஏன் என்று கேட்டால், "பெருசா இருக்குல்ல?" என்றார். நம் பக்கம் பேசுகிறவனாவது கொஞ்சம் மூளையோடு பேசக் கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காம் கேள்வி, 'உழைத்து வெற்றி பெற்ற ஒரு நிறுவனத்தை அரசு தண்டிப்பது நியாயமா?' என்றிருந்தது. இந்தக் கணிப்பை நடத்தச் சொன்னது யார் என்று மேசைக்காரிகளுக்குச் சொல்லவில்லை; கேள்வியே காட்டிக்கொடுத்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

நம் பக்கம் என்று அவளுக்கு ஒன்று இருந்தது. அவள் கணவன் சின்ன மருத்துவமனைகளுக்காக, எந்த நோயாளி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தான். அதன் உதவிப் பக்கங்களை எழுதியது அவள். எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று பல் டாக்டர்களுக்குப் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி அதே மாதிரி ஒன்றைச் செய்து இலவசமாகத் தன் சரக்கோடு சேர்த்துக் கொடுத்தது. அடுத்த வருடம் வந்த கம்பெனி மென்பொருளின் புதுப் பதிப்பில் இவர்களுடையது திறக்கவே மறுத்தது. அன்றிலிருந்து ஆறு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. வருகிற செவ்வாய்க்கிழமை அவன் அரசுத் தரப்புச் சாட்சி. நாற்பது பக்க வாக்குமூலத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள். எது எப்போது நடந்தது என்று நினைவில்லாமல் ஒவ்வொரு தேதிக்கும் அவன் அவள் முகத்தைத்தான் பார்த்தான். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இதை முதலில் செய்தவர்கள் நாங்கள் என்பது நீதிமன்றக் காகிதத்தில் ஏறிவிட வேண்டும்.

தொலைபேசி எண்களைச் சுற்றுவது இயந்திரத்தின் வேலை. பிற்பகல் மூன்று மணிக்கு அது அவள் வீட்டு எண்ணைச் சுற்றியது. தெரிந்தவர் எடுத்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டும் என்பது விதி. கண்ணாடி அறையிலிருந்து கண்காணிப்பாளர் எந்த அழைப்பையும் எந்த நேரமும் ஒட்டுக் கேட்பார். ஆனால் நாள் முழுக்கக் குப்பையைக் கேட்டவளுக்கு ஒரே ஒரு நல்ல பதிலைக் கேட்க ஆசையாக இருந்தது.

"வணக்கம் ஐயா. ஒரு கருத்துக் கணிப்புக்காக அழைக்கிறோம்."

"சொல்லுங்கம்மா," என்றான் கணவன்.

அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அவள் பேச ஆரம்பித்து முடிக்கும்வரை அவன் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. குரல் எப்படித் தெரியும்? அவள் நான்காம் கேள்விக்கு வந்தாள்.

"தண்டிக்கிறது நியாயமே இல்லம்மா."

திரும்பப் படித்தாள். அதற்குத்தான் அனுமதி உண்டே.

"அதான் சொன்னேனே, நியாயமில்ல. திறமையிருக்கிறவன் ஜெயிக்கிறான். அத அரசாங்கம் ஏன் கெடுக்கணும்?" என்றவன் குரலைத் தழைத்துக்கொண்டான். "உண்மையச் சொல்லணும்னா நானே சாட்சிக்குப் போறதா இருந்தவன்தான். போன வாரம் கம்பெனிலேர்ந்து ஆளுங்க வந்தாங்க. என்ன மரியாதை தெரியுமா! நான் செஞ்சதப் பாத்து அப்பவே அசந்துட்டாங்களாம். அடுத்த மாசத்துலேர்ந்து அங்க நான் ஆலோசகர். இன்னும் வீட்ல சொல்லல. இத எழுதிக்காதீங்க."

"எழுதமாட்டோம் ஐயா," என்றாள்.

ஆறு வருடம் அவன் குரைத்தது கடிப்பதற்காக இல்லை, உள்ளே விடச் சொல்லித்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தன் போட்டோவுக்காகப் பயந்த அந்தப் பெண்மணி இவனுக்கு எவ்வளவோ மேல். இவன் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு ஆறு வருடம் தலையாட்டிக்கொண்டிருந்த தன்னை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கம்பெனியால் பாதிக்கப்பட்ட யாரையாவது தெரியுமா என்ற கேள்விக்கு, "அப்படி யாரும் இல்லம்மா," என்றான். குரலில் ஒரு பிசிறு இல்லை.

கடைசியாகப் பதினோராம் கேள்வி. "உங்கள் வீட்டிலுள்ள மற்றவர்களின் கருத்தும் இதுதானா, ஐயா?"

"சம்சாரம் ஒருத்திதான். அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நான் சொல்றதுதான் அவளுக்கும். அதேன்னு போட்டுக்குங்க."

இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னங்க," என்றாள், வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில். "செவ்வாய்க்கிழமை நான் போறேன். தேதியெல்லாம் எனக்குத்தான் தெரியும்."

கண்ணாடி அறைக்குள் கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். மறுமுனையில், அதுவரை பின்னால் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது.